கல்லுக்கும் ஒரு சீட்டு

"கட்டின பொண்டாட்டி பின்னாடி சீட்டுல, மூட்டை என் பக்கத்துல! இன்னா நாயம்மா இது?"

தாவீது இப்படிக் கேட்டுக்கொண்டு எழுந்து நின்றபோது, விமானம் டோக்கியோவைத் தாண்டிப் பசிபிக் கடல்மேல் லாஸ் ஏஞ்சல்ஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முதல் வகுப்பு. காலை நீட்டினால் கட்டில், கையை நீட்டினால் வறுத்த முந்திரி. எல்லாம் சரிதான். ஆனால் பக்கத்து இருக்கையில் சிவப்பு வெல்வெட் போர்த்திய ஒரு பொருள், இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்கு வந்த பெரிய மனுஷன் மாதிரி சாய்ந்திருந்தது.

தாவீது மாமல்லபுரத்தில் கற்சிலைக் கடை வைத்திருப்பவர். கடை வாசலில் 'ஒரே விலை' என்று ஐந்து மொழிகளில் பலகை தொங்கும். ஐந்து மொழியிலும் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பக்கத்துக் கடைக்காரன் ஆயிரம் சொல்லி முந்நூறுக்குக் கொடுப்பான். வாங்கியவன் ஜெயித்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே போவான். தாவீது முந்நூறு சொல்லி முந்நூறுக்கே கொடுப்பார். வாங்கியவன் ஏமாந்துவிட்டோமோ என்ற முகத்தோடு போவான். அடுத்த தடவை பக்கத்துக் கடைக்கே போவான்.

இப்படி வியாபாரம் செய்தவர் உலகம் சுற்றக் கிளம்பியதற்குக் காரணம் மனைவி செல்லம்மா. செங்கல்பட்டு ஜவுளிக்கடைக் குலுக்கலில் முதல் பரிசு விழுந்திருக்கிறது, ரெண்டு பேருக்கு முதல் வகுப்பில் உலகப் பயணம் என்று ஒருநாள் வந்து நின்றாள். கர்த்தர் கொடுப்பதைக் கேள்வி கேட்கலாமா? தாவீது பெட்டியைக் கட்டிவிட்டார்.

"அங்கிள், அது மூட்டை இல்ல" என்றாள் பணிப்பெண் ஷாரோன். செங்கல்பட்டுப் பெண். "அதுக்கு டிக்கெட் வாங்கியிருக்காங்க. அதோ, ஜன்னலோரமா இருக்காரே வால்டர் சார், அவரோடது."

"டிக்கெட் வாங்கினா மனுஷனாயிடுமா? நாஸ்தா துன்னுமா அது? தூக்கி மேல வெச்சுட்டு எம் பொண்டாட்டிய இங்க வரச் சொல்லு. ஃபேமிலிம்மா! மாபலிபுரம் பஸ்ல கூட ஃபேமிலின்னு ஒரு வார்த்த சொன்னா, தூங்கறவன் எழுந்து எடம் குடுப்பான்."

பின் இருக்கையிலிருந்து செல்லம்மாவின் குரல் வந்தது. விமானம் ஏறியதிலிருந்து அவள் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்தி, கண்ணுக்குக் கறுப்புப் பட்டி வேறு கட்டியிருந்தாள்.

"யோவ், நான் இங்கயே நல்லாத்தான் கீறேன். நீ கம்முனு உக்காரு."

"நீ இரு செல்லம்மா. கேக்கறத கேட்டாத்தான் கெடைக்கும்."

சத்தம் கேட்டு வால்டரே எழுந்து வந்தார். வெள்ளைத் தாடி, பழம்பொருள் சேர்க்கும் அமெரிக்கப் பணக்காரர். கோபப்படுவார் என்று பார்த்தால், மாமல்லபுரம் என்ற பெயரைக் கேட்டதும் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் சொன்னதை ஷாரோன் தமிழில் சொன்னாள்.

"இது உங்க ஊர் பொருள்தானாம், அங்கிள். பல்லவ ராஜா மாமல்லன் தெனமும் தூக்கி உடற்பயிற்சி செஞ்ச கல்லாம். டோக்கியோ கண்காட்சியில வெச்சுட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாராம்."

"தொறக்கச் சொல்லு, பாப்போம்."

வால்டர் பெல்ட்டைக் கழற்றி, வெல்வெட்டை விலக்கினார். கறுப்புக் கல். நடுவில் பருத்து, இரு முனையும் கைபட்டு வழவழத்திருந்தது. வாழ்நாள் முழுக்கக் கல்லைப் பார்த்த கண்ணுக்கு ஒரு பார்வை போதாதா?

"ஏம்மா, இது அம்மிக்குழவிம்மா!"

ஷாரோன் திணறினாள். "அத இங்கிலீஷ்ல எப்படி அங்கிள் சொல்றது?"

"சட்னி அரைக்கறதுன்னு சொல்லு."

சொன்னாள். வால்டர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"ராஜா கை பட்டுத்தான் முனை தேஞ்சிருக்குங்கறாரு."

"ராஜா இன்னாத்துக்கும்மா சட்னி அரைச்சான்? அரண்மனைல ஆள் இல்லியா?"

தாவீதுக்கு இப்போது இருக்கை மறந்துபோயிற்று. ஊர் மானம் போயிற்றே! ஒரு குழவியை ராஜா கையில் கொடுத்து விற்றிருக்கிறான் ஒரு கிராதகன். நாளைக்கு இந்த ஆள் ஊரெல்லாம் சொன்னால், மாமல்லபுரத்தில் எவன் கல் வாங்குவான்? ஒரே விலைக்காரனையும் சேர்த்துத்தானே திருடன் என்பான்? நிரூபித்தே தீர்வது என்று குனிந்து, கல்லை மோந்து பார்த்தார். எத்தனை தரம் கழுவினாலும் குழவியில் ஊறின மசாலா போகுமா? வாரக்கணக்கில் ரொட்டியும் வெண்ணெயும் பார்த்த நாக்கில் சட்டென்று எச்சில் ஊறியது.

"மீன் கொழம்பு மசாலா! மிக்ஸி வர்றதுக்கு முன்னாடி எங்க வூட்டுக் கொழம்பு இப்பிடித்தான் மணக்கும். நீயும் மோந்து பாரும்மா!"

ஷாரோன் மோந்தாள். "ஆமா அங்கிள், பூண்டு கூட வருது."

வால்டரும் மோந்தார். பல்லவ சாம்ராஜ்யம் அவர் முகத்தில் அந்த நிமிஷமே சரிந்தது. கல்லின் பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"யோவ்!" பின்னாலிருந்து செல்லம்மா. "பாப்பா, அந்தாளுக்கு எதுனா துன்னக் குடுத்துப் படுக்க வையி. பேஜாரா கீது."

"நீ தூங்கு செல்லம்மா! வித்தவன் எவன்னு கேளும்மா."

"வித்தவன் இல்ல அங்கிள், ஒரு விதவையம்மாவாம். கல்ல கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதாங்களாம். புருஷன் ஆயுசுல ஒரு பொய் சொன்னதில்லையாம், அதனாலயே ஒரு காசும் சேத்ததில்லையாம். சாகும்போது, இந்தக் கல்ல மட்டும் வித்துடாதேன்னு சத்தியம் வாங்கிட்டுச் செத்தாராம்."

"பச்சப் பொய்!" தாவீது துள்ளினார். "எங்க ஊர்ல அப்பிடி ஒரு ஆளு நான் ஒருத்தன்தான் கீறேன். இன்னொருத்தன் இருந்து செத்திருந்தா எனக்குத் தெரியாமப் பூடுமா? மொத மாலையே நான்தானே போட்டிருப்பேன்!"

கம்பளிக்குள் செல்லம்மாவுக்குப் புரையேறியது.

வால்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனது போகட்டும், வெளியே சொன்னால் வெட்கம், கல்லை வீட்டுத் தோட்டத்தில் போட்டுவிடுகிறேன் என்றார். தாவீது விடுவாரா?

"தோட்டத்துல போடறதா? இன்னிக்கு உன்ன ஏமாத்தினவ நாளைக்கு உரல எடுத்தாந்து ராணியோட தொட்டின்னுவா! வுடக் கூடாதுன்னு சொல்லும்மா."

ஷாரோன் சொன்னாள். வால்டர் நிமிர்ந்தார். தாவீதின் இரண்டு கையையும் பற்றிக்கொண்டு வெகுநேரம் பேசினார்.

"உங்கள மாதிரி நேர்மையான ஆளப் பாத்ததே இல்லங்கறாரு அங்கிள். எறங்கின உடனே அடுத்த விமானத்துல உங்க கூடவே மாமல்லபுரம் வராராம். போலீஸ்ல நீங்க சாட்சி சொல்லணுமாம்."

"சாட்சியா? நானே புடிச்சுக் குடுக்கறேன்!" தாவீது சட்டைக்குள்ளிருந்து வெள்ளிச் சிலுவையை வெளியே இழுத்தார். "இது மேல சத்தியம். அவ எவளா இருந்தாலும் ஜெயில்ல களி துன்ன வெக்காம வுட மாட்டேன். வாங்கின டப்பு அவகிட்ட இல்லன்னா, என் கடைய வித்து நான் தரேன். ஒரு வார்த்த வுடாம சொல்லும்மா!"

ஷாரோன் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். எதிர் வரிசையில் யாரோ கைதட்டினார்கள். வால்டர் தாவீதைக் கட்டித் தழுவினார்.

தாவீது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இதையெல்லாம் பார்த்தாளா என்று மனைவியின் இருக்கைக்குப் போனார். கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, அவர் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தது.

"யோவ் அரிச்சந்திரா, மெதுவாப் பேசு. ஜவுளிக்கடைல எனக்கு விழுந்தது ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டு. டோக்கியோவ சுத்திட்டு நாம ரெண்டு பேரும் இப்போ உக்காந்துகினு வர்றது அந்தக் குழவி மேலதான்."