ஏரிக் கனவும் எலும்பு டாக்டரும்

"மறைக்காம சொல்லுங்க. டைல்ஸ் ஒட்டுற வேலைதானே உங்களுக்கு?" என்றார் எலும்பு டாக்டர்.

"ஐயோ டாக்டர், நான் குமாஸ்தா! காலையில நாற்காலியில உட்கார்ந்தா சாயங்காலம்தான் எழுந்திருப்பேன்."

"உங்க முட்டி அப்படிச் சொல்லலையே! முட்டிச் சில்லுக்கு முன்னால நீர் கட்டியிருக்கு. தரையில முட்டி போட்டு வேலை பார்க்கிறவங்களுக்குத்தான் இப்படி வரும்."

குமாஸ்தாவுக்கு மானமே போய்விட்டது. வேலை பார்ப்பதாக அவர்மேல் இதுவரை யாரும் பழி சொன்னதில்லை. வீட்டில் ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடாத மனிதர். பக்கத்தில் இருந்த மனைவியைச் சாட்சிக்கு இழுத்தார்.

"நீயே சொல்லேன்!"

"சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்கமாட்டார் டாக்டர்" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"அப்ப நல்லா ரெஸ்ட் எடுங்க. தூங்குங்க."

அடடா, இதைவிட இனிப்பான மருந்து உண்டா! குமாஸ்தா லீவு போட்டுவிட்டுப் பகலிலும் தூங்க ஆரம்பித்தார். கண்ணை மூடினால் போதும், எப்போதும் வரும் அந்தக் கனவு வந்துவிடும். கரையே தெரியாத ஒரு ஏரி. அலை கிடையாது, சத்தம் கிடையாது. தண்ணீருக்குள் மேகங்கள் மெல்லப் போய்க்கொண்டிருக்கும். அவர் அதன்மேல் மிதந்தபடி, உள்ளங்கையால் தண்ணீரைத் தடவித் தடவிப் போவார். கை பட்ட இடமெல்லாம் வானம் தெளிந்துகொண்டே வரும். அப்படி ஒரு நிம்மதியை அவர் விழித்திருந்து கண்டதே இல்லை.

விழித்தால்தான் வினை. முட்டி விண் விண்ணென்று தெறிக்கும்.

ஒரே வாரத்தில் வீக்கம் இரட்டிப்பானது. டாக்டர் ஊசி போட்டு நீரை எடுத்தார். "தூக்கம் போதலை" என்று மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்ட அன்றே ஏரி கடலாகிவிட்டது. குமாஸ்தா ஆனந்தமாக மிதந்தார். எழுந்தபோது காலை மடக்கவே முடியவில்லை.

மூன்றாம் முறை போனபோது டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"இனி கத்திதான். நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க."

ஊசிக்கே கண்ணை இறுக மூடிக்கொள்கிறவர் குமாஸ்தா.

"வேற வழியே இல்லையா டாக்டர்? வேணும்னா இன்னும் கூடுதலாத் தூங்கறேன். மாத்திரையை ரெண்டாக்கிடுங்க. கத்தி மட்டும் வேண்டாம்!" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். கண் கலங்கிவிட்டது.

மனைவிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் மென்று விழுங்கியதைச் சொல்லத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது.

"கத்தியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம் டாக்டர்" என்றாள்.

"ஏம்மா?"

"தூக்கத்துல எழுந்து முட்டி போட்டு வீடு முழுக்கத் துடைக்கிறாரு டாக்டர், நல்லாத்தானே துடைக்கிறாருன்னு நானும் விட்டுட்டேன், நீங்க மாத்திரை கொடுத்ததுலேர்ந்து பக்கத்து வீட்டையும் சேர்த்துத் துடைச்சிட்டு வர்றாரு!"