காஸ் மூடியாச்சா?

உலகத்தில் பயணிகள் என்று ஓர் இனம் உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதன் பக்கத்து இனத்தைப் பற்றி: பயணத்துக்கு ஏற்பாடு செய்கிறவர்கள். இவர்கள் ரயில் ஏறுவது அபூர்வம். ஆனால் எந்த ரயில் எங்கே தடம் புரளும் என்று இவர்களுக்குத் தெரியும். எங்கள் கல்கத்தாச் சந்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் இவர்களில் ஒருவர் தலையில்தான் விழும். வலிக்காது. தலையில் கம்பளிக் குல்லா இருக்கும்.

நான் முதலில் பார்த்ததே அந்தக் குல்லாவைத்தான். மாடியறை வாடகைக்கு என்று கேள்விப்பட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். ஆவணி மாதப் புழுக்கம், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. திறந்தவர் இடுப்பில் லுங்கி, மேலே வெறும் பனியன், அதற்கும் மேலே கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லா. மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது. பரிதோஷ் சர்க்கேல், ஓய்வு பெற்ற தபால் அலுவலகத்துக்காரர்.

"பயந்துடாதப்பா. ஐப்பசியில டார்ஜிலிங் போறோம். காது முழுசா மூடுதான்னு இங்கயே பாத்துக்கணுமில்ல? அங்க போய்த் தெரிஞ்சு என்ன பண்றது?"

நான் நெஞ்சை நிமிர்த்தி என்னைச் சொல்லிக்கொண்டேன்: பேர் நிதாய், பீர்பூம் பக்கத்துக் கிராமம், எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள், படித்தது பூகோளம். அவர் முன்பணம் கேட்கவில்லை. வேலை என்ன என்று கேட்கவில்லை.

"பூகோளமா? மலை சரியறதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் குடுக்குமா?"

"சில சமயம் குடுக்கும், காக்கு." சித்தப்பா முறைதான் வாயில் வந்தது.

"சில சமயமா! படிச்ச பையன் இப்படிப் பொத்தாம்பொதுவா சொல்லலாமா?" என்றார். ஆனாலும் அறை எனக்குக் கிடைத்தது. மலையைப் பற்றிக் கேட்க வீட்டிலேயே ஓர் ஆள் இருப்பது நல்லதுதானே?

உள்ளேயிருந்து அவர் மனைவி சுலேகா காக்கிமாவின் குரல் வந்தது. "கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து டார்ஜிலிங் போயிட்டேதான் இருக்காரு, தம்பி. இன்னும் வாசப்படி தாண்டல."

காக்கிமாவுக்கு இருந்தது ஒரே ஆசை. கஞ்சன்ஜங்காவை, காலண்டரில் அல்ல, கண்ணால் பார்க்க வேண்டும். கல்யாணத்தன்று கொடுத்த வாக்கு. ஒரு வருஷம் சிலிகுரியில் கடையடைப்பு, மறு வருஷம் எதிர்வீட்டுக்காரருக்கு டார்ஜிலிங்கில் வயிற்றுப்போக்கு, இன்னொரு வருஷம் துவைத்துப் போட்ட கம்பளி காயவில்லை என்று அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இந்த வருஷம் காக்கிமாவின் இரண்டு முட்டிகளும் தேய்ந்துவிட்டன. குளிர்காலம் முடிந்ததும் அறுவை சிகிச்சை. "மலை பாக்கணும்னா அதுக்குள்ள பாத்துடுங்கம்மா, அப்புறம் நான் உத்தரவாதம் தரமாட்டேன்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று முதல் வீட்டில் மீன் குழம்பு நின்றது. வங்காளி வீட்டில் இதற்கு மேல் ஒரு போராட்டம் கிடையாது. ரயில் டிக்கெட் வந்தது.

டிக்கெட் வந்தால் கிளம்பிவிடுவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை உங்களுக்குத் தெரியாது. டிக்கெட் என்பது கவலைப்படுவதற்குக் கிடைக்கும் உரிமம். கீழ்ப் படுக்கை கிடைத்தால் மேல் படுக்கை அறுந்து விழும். மேல் படுக்கை கிடைத்தால் நாமே விழுவோம். விடுதியில் கீழ்த்தளம் என்றால் திருடன், மாடி என்றால் நிலநடுக்கம். வெளியில் சாப்பிட்டால் வயிறு கெடும், சாப்பிடாவிட்டால் வாயு. விடுதிக்காரர் தாமாங் பொறுமைசாலி. மலைக்காரர். அவருடன் நடந்த தொலைபேசி உரையாடலுக்கு நான் சாட்சி.

"வெந்நீர் வருமா?"

"வரும், பாபு."

"வந்துக்கிட்டே இருக்கும்போது நின்னுடாதே? சோப்புப் போட்ட அப்புறம் நின்னா?"

"வாளியில பிடிச்சு வச்சுக்குங்க, பாபு."

"சரி, கட்டில்லேர்ந்து பாத்ரூம் எவ்வளவு தூரம்?"

"நீங்க எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பீங்க?"

காக்கு அசந்துபோனார். தனக்கே தோன்றாத கேள்வி! "ஆளு வெவரமானவன்" என்று எங்களிடம் கிசுகிசுத்துவிட்டு, பெரிய கேள்விக்கு வந்தார். "உங்க விடுதிக்குப் பின்னாடி மலை சரிஞ்சிருக்கா?"

"இதுவரைக்கும் சரிஞ்சதே இல்ல, பாபு."

காக்கு முகம் வெளுத்துப் போனைப் பொத்தினார். "கேட்டியா நிதாய்? அப்ப இனிமேதான் சரியணும்."

பெட்டி கட்டுவதில் இவர்களுக்கென்று ஒரு சித்தாந்தம் இருக்கிறது. எது திருட்டுப் போனாலும் பயணம் நிற்கக் கூடாது. ஆகவே எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தார் காக்கு. டிக்கெட் நகல், பணம், விடுதி முகவரி, ஓமத் தண்ணீர், இசப்கோல், பொரி, டார்ச், கொசுவர்த்தி, குரங்குக் குல்லா எல்லாம் அவர் பையில் பாதி, காக்கிமா பையில் பாதி. "நான் தொலைஞ்சாக்கூட நீ நல்லா இருக்கணும்" என்றார். சும்மா சொல்லவில்லை.

கிளம்பும் நாள் வந்தது. எங்கள் பக்கத்தில், வீட்டை விட்டுப் புறப்படுகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் போகிற காரியம் உருப்படாது. திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, 'துர்கா, துர்கா' என்று சொல்லி மறுபடி புறப்பட வேண்டும். காக்கு காலையிலேயே சந்து முழுக்கப் போய் எச்சரித்திருந்தார். மீன்காரர், மிட்டாய்க் கடைக்காரர், எதிர்வீட்டுக்காரர் எல்லாரும் வாயைப் பொத்தாத குறையாக வரிசையாக நின்றிருந்தார்கள். ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை. காக்கிமா முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

"இந்தா, கேக்குதா! காஸ் மூடினியா?"

சந்தே திடுக்கிட்டது. காக்கு சீறினார். "யாருய்யா அது கூப்பிட்டது?"

"நீங்கதான்" என்றார் காக்கிமா.

எல்லோரும் உள்ளே போனோம். உட்கார்ந்தோம். தண்ணீர் குடித்தோம். காஸ் மூடியிருந்தது. துர்கா, துர்கா.

மறுபடி புறப்பட்டோம். காக்கிமா டாக்ஸிக் கதவில் கை வைத்தார். "இந்தா! பால்கனிக் கதவு?" மறுபடி படியேறினார் காக்கிமா, ஒவ்வொரு படிக்கும் 'அம்மா' என்று. பால்கனிக் கதவும் மூடித்தான் இருந்தது.

மூன்றாம் முறை காக்கிமா டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தே விட்டார். ஸ்டேஷன் வரை போய் வழியனுப்ப நான் அவர் பையோடு முன்னால். காக்கு பூட்டைப் பூட்டி, இழுத்து, அதில் தொங்கியும் பார்த்துவிட்டு, திரும்பாமலே கத்தினார். "இந்தா, கேக்குதா! காஸ மூடினத நீ பாத்தியா, நான் பாத்தேனா?" உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ, கூப்பிட்டுட்டேனே! எறங்கு, எறங்கு, உள்ள வந்து உக்காரு!" என்றபடி பூட்டைத் திறந்து உள்ளே ஓடினார், எங்கள் எல்லோருக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்ற.

காக்கிமா தன் பையைத் திறந்தார். குரங்குக் குல்லாவை எடுத்தார். நிதானமாகத் தலையில் மாட்டிக் காதை இழுத்து மூடினார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார் டிரைவரிடம். "வண்டிய எடுப்பா."

காக்கு மூன்று தம்ளர்களோடு வெளியே வந்தபோது டாக்ஸி முனை திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் போட்டிருந்தால் நிறுத்தியிருக்கலாம். யார் போடுவது? கூப்பிடக் கூடாது என்று சந்துக்கே சட்டம் போட்டவர் அவர்தானே? மீன்காரர் கண்ணாலேயே ஜாடை காட்டினாராம்.

சியால்தா ஸ்டேஷனிலிருந்து நான் போன் செய்தேன். "காக்கு, இன்னும் நேரம் இருக்கு, வேற வண்டி பிடிச்சு வந்துடுங்க!"

"வர்றேன்டா. காஸ் மூடித்தான் இருக்கு. ஆனா போன தடவை பாத்தப்பவும் மூடித்தான் இருந்துது. அதான் சந்தேகமா இருக்கு."

ரயில் கிளம்பும் நேரம் வந்தது. காக்கிமா ஜன்னலோரம் உட்கார்ந்து, பையைத் துழாவிக்கொண்டிருந்தார். எல்லாம் இருந்தது. "பாவம் மனுஷன், ஒண்ணு விடாம எடுத்து வச்சிருக்காரு" என்றார். கண் கலங்கியது. ஆனால் இறங்கவில்லை. "பிரிட்ஜ்ல மீன் குழம்பு இருக்குன்னு சொல்லு" என்றார். நான் மட்டும் இறங்கினேன், ரயில் நகர்ந்தது.

காக்கு காக்கிமாவுக்குப் போன் செய்யவே இல்லை. கோபம் அல்ல. "போன்ல கூப்பிட்டா அது முன்னாடியா பின்னாடியா நிதாய்? நீ பூகோளம் படிச்சவன், சொல்லு." அதற்குள் காக்கிமா அனுப்பிய படம் வந்தது. பின்னால் வெயிலில் கஞ்சன்ஜங்கா, முன்னால் காக்கிமா வாயெல்லாம் பல்லாக. காக்கு வெகுநேரம் பார்த்தார். "குல்லா எங்க?" என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. இதைப் படிக்க உட்காருமுன் வாசல் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்? ஒருமுறை மட்டுமா? தலைப்பைப் படித்ததும் மனசு ஒரு நொடி அடுப்படிக்குப் போய்விட்டு வந்ததா இல்லையா? அங்கே காஸை யார் மூடினார்கள், நீங்களா, வீட்டில் இருப்பவர்களா? போய்ப் பாருங்கள். நான் பின்னாலிருந்து கூப்பிட மாட்டேன்.

காக்கிமா விடுதியின் பக்கத்து அறைப் பெண்களோடு சேர்ந்து இப்போது அடுத்த மலையூரான காலிம்போங்கில் இருக்கிறார். காக்கு வீட்டில் இருக்கிறார். காஸ் மூடியிருக்கிறது.