ஸ்பூன் அண்ணாச்சியும் பால்கோவா ஆர்டர் பட்டியலும்

ராஜபாளையத்தில் சொத்தையே எழுதித் தரச் சொன்னாலும் எங்கள் ஸ்பூன் அண்ணாச்சி கொஞ்சம் யோசிப்பார். தன் எவர்சில்வர் ஸ்பூனைக் கேட்டால், முடியாது என்று சொல்ல யோசிக்கவே மாட்டார். எங்கள் குட்டி சாஃப்ட்வேர் ஆபீசில் அவர்தான் சீனியர். தோசையைக்கூட அந்த ஸ்பூனால்தான் சாப்பிடுவார். பிறகு கழுவித் துடைத்துச் சட்டைப் பையில் செருகிக்கொள்வார். ஒருமுறை முதலாளி காபி கலக்கக் கேட்டார். "விரல் இருக்குல்லா சார்" என்றார் அண்ணாச்சி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்கு நான் புரோகிராம் எழுதியிருந்தேன். அதற்குள் ஒரே சமயத்தில் மூன்று திரெட், அதாவது தனித்தனியாக மூன்று வேலைகள், ஓடும். இரண்டு திரெட், கவுண்டர் ஆர்டர்களை ஒரே பட்டியலில் சேர்க்கும். மூன்றாவது அதைப் படித்துப் பேக்கிங்குக்குச் சீட்டு அடிக்கும். கடையில் கூட்டம் சேர்ந்தாலே புரோகிராம் படுத்துவிடும். மறுநாள் தேரோட்டம்! "சாயங்காலத்துக்குள்ள ஓடலைன்னா கழட்டிட்டுப் போயிருங்க தம்பி" என்றார் கடைக்காரர். என் முதல் வேலை, முதல் புரோகிராம். அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அடுத்த பஸ்ஸில் வந்து குதித்தார்.

"சேக்கிற ரெண்டு இடத்துலயும் பூட்டு போட்டுட்டேன் அண்ணாச்சி. ஒண்ணு சேக்கும்போது இன்னொண்ணு பட்டியலைத் தொடாது."

"படிக்கிற இடத்துல?"

"சும்மா படிக்கத்தானே செய்யுது? அதுக்கு எதுக்குப் பூட்டு?"

அண்ணாச்சிக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு தட்டில் சீட்டுகளைப் பரப்பி, "ஏலே, எண்ணு" என்றார். நான் எண்ண எண்ண, கவுண்டர் பெண்கள் இருவரையும் நடுநடுவே சீட்டு செருகச் சொன்னார். ஏழுக்குப் பிறகு எனக்கு மறுபடியும் ஏழுதான் வந்தது. படிக்கிற திரெட்டும் இப்படித்தான் குழம்பிப் படுத்திருக்கிறது.

அடுத்து நடந்ததை எங்கள் ஆபீசில் இன்றுவரை யாரும் நம்பவில்லை. ஸ்பூனை எடுத்து நீட்டினார்! "இது யாரு கையில இருக்கோ அவிய மட்டும்தான் தட்டைத் தொடணும். சேக்கிறவியளுக்கும் இதான், படிக்கிற உனக்கும் இதான்."

நான் ஸ்பூனை வாங்கிக்கொண்டு நிதானமாக எண்ணினேன். பெண்கள் காத்து நின்றார்கள். அண்ணாச்சியிடமிருந்து வந்தது ஒரு அதட்டல்: "எம்புட்டு நேரம் வச்சிருப்ப? அப்படியே ஒரு நகல் எடுத்துக்கோ, ஸ்பூனைக் குடு, பொறவு நகலைப் பாத்து எண்ணுலே!"

புரிந்துவிட்டது! படிக்கிற இடத்திலும் பூட்டுப் போட்டு, நகல் எடுத்ததும் திறந்துவிடும்படி நாலே வரி மாற்றினேன். சோதித்துப் பார்க்க, கடை ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஆர்டர் ஆர்டராகத் தட்டித் தள்ளினோம். புரோகிராம் நிற்கவே இல்லை! மறுநாள் தேர் நிலைக்கு வரும்வரை எங்கள் புரோகிராமும் ஓடியது.

திரும்பும் பஸ்ஸில், கடைக்காரர் கொடுத்த பால்கோவாவை அண்ணாச்சி பிரித்தார். ஸ்பூனை இரண்டு முறை துடைத்தார். என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல நீ சாப்பிடுலே."

பால்கோவா எப்படி இருந்தது என்று நினைவில்லை. அந்த ஸ்பூனைத் திருப்பிக் கொடுக்கத்தான் எனக்கு மனசே வரவில்லை.