டின்னைத் திறக்க ஓர் இடம்

கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் வரிகள் மேட்டில் ஏறும், எழுத்துப் பிழைகளும் கூடவே ஏறும். பத்திரிகை ஆசிரியர் திருத்திப் போட்டுக்கொள்ளவும்.

எங்கள் முதலாளி முசே சட்டத்தின் மேல் வைத்திருக்கும் பக்தியை, புதுச்சேரியில் எந்தச் சாமியாரும் எந்தச் சாமி மேலும் வைத்ததில்லை. முத்தியால்பேட்டையில் ஒயின் ஷாப் வைத்திருக்கிறார். நான் அங்கே பெட்டி இறக்குகிறவன். வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கத்துக்குப் பதில் 'போன்ழூர்' சொல்வதால், பிரெஞ்சுக்காரர்களின் 'ஐயா'வான முசே என்று பெயர். அதற்கு மேல் அவருக்குப் பிரெஞ்சு தெரியாது.

ஒரு சொட்டுக் குடித்ததில்லை. நரைத்த மீசைக்காரரிடமும் ஆதார் அட்டை கேட்பார்.

"எனக்குப் பேரனே இருக்கான் முசே."

"அவனக் கூட்டிட்டு வராத. அவனுக்கு வயசு பத்தாது."

டின்னில் அடைத்த காக்டெயிலுக்குப் புது விதிகள் வந்தன. தனி அனுமதி வேண்டும். கூல்டிரிங்க்ஸோடு சேர்த்து வைக்கக் கூடாது, தனி பிரிட்ஜ், தனி போர்டு. கடையிலோ வாசலிலோ மூடியைத் திறக்கக் கூடாது. காலையில் சாமி கும்பிட்டதும் முசே இவற்றை மனப்பாடமாகச் சொல்வார்.

வியாபாரம் படுத்திருந்தது. டூரிஸ்ட் பிள்ளைகள் எல்லாரும் டின்தான் கேட்டார்கள். "பர்மிட் வரலைன்னா கடையில ஓராளக் கொறைக்கணும் தம்பி" என்றார் முசே. கடையில் இருப்பதே அவரும் நானும்தான். யாரைக் குறைப்பார் என்று நான் கேட்கவில்லை.

அனுமதி கொடுக்குமுன் கடையைப் பார்க்கக் கலால் அதிகாரி வந்தார். பிரிட்ஜைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு கம்பெனி மாதிரிக்கு அனுப்பியிருந்த, மாம்பழப் படம் போட்ட ஒரு டின்னைக் கையில் எடுத்தார்.

"இதத் தெறய்யா. உள்ள என்னதான் இருக்குன்னு பாப்போம்."

"கடையில தெறக்கக் கூடாது சார்."

"நான்தானய்யா சொல்றேன்."

"நீங்க சொல்றீங்க. சட்டம் சொல்லலியே."



"சரி, ரோட்டுக்கு வா."

"பொது எடம் சார். நீங்களே கேஸ் போடணும்."

"ஜீப்ல?"

"வண்டியில ரொம்பத் தப்பு."

"அப்ப கோரிமேடு எல்லையத் தாண்டிப் போயித் தெறக்கலாமா?"

"தாண்டுனா தமிழ்நாட்டு போலீசு புடிச்சிக்கும். அப்புறம் உங்கள ஜாமீன்ல எடுக்க நான் அலையணும்."

சரக்கு வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப உன் வூட்டுலதான் தெறக்கணும். நட."

வீட்டில் திறக்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லை. ஆனால் முசே வீட்டுக்குள் சொட்டுச் சரக்கு போனதில்லை. கடைச் சட்டையைக்கூட வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். அது அவர் மனைவி போட்ட சட்டம். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்தெருவுக்கு ஊர்வலமாகப் போனோம். டின்னைப் பேப்பரில் சுற்றி முசே முன்னால் நடந்தார். பின்னால் அதிகாரி, நான், சரக்கு வாங்க வந்தவர்கள். வாசல் நெருங்கியதும் பழக்க தோஷத்தில் முசே சட்டைப் பட்டனைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

அக்கா குறுக்கே நின்றார். "அது உள்ள வராது."

"அம்மா, நான் கலால் ஆபீசருங்க."

"நீங்க வாங்க. அது வராது. வெயில்ல வந்துருக்கீங்க, மொதல்ல மோர் குடிங்க."

அதிகாரி படியிலேயே உட்கார்ந்து இரண்டு சொம்பு குடித்தார். ஏப்பம் விட்டார். டின்னை வெறித்துப் பார்த்தார்.

"இத வாங்கறவன் எங்கய்யா போயிக் குடிப்பான்?"

"அது அவங்கவங்க வூட்டம்மாவப் பொறுத்தது சார்."

அதிகாரி சிரித்துவிட்டார். முழங்கால் மேல் காகிதத்தை வைத்து அனுமதியில் கையெழுத்துப் போட்டார்.

அக்கா எனக்கும் மோர் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நல்ல வேள, பர்மிட் கெடச்சிது தம்பி. நாலு நாளா இவுரு எங்கிட்ட வெங்காயம் உரிக்கக் கத்துக்கிட்டு இருந்தாரு. பர்மிட் வரலைன்னா நான் வூட்டோட இருந்துக்கறேன், கடையத் தம்பி பாத்துக்குவான்னு சொன்னாரு."

முசே பட்டன்களைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று மாறிப் போயிருந்தது. நான் பக்கத்தில் போய்ச் சரியாகப் போட்டுவிட்டேன்.

எழுதி முடித்தது, மாசி மகத்துக்கு மறுநாள்.