கீழ்த்தாடைக்குத் தனி உத்தரவு

வனவிலங்குச் சட்டத்தை இயற்றியவர்களே அதை முழுதாகப் படித்திருப்பார்களா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால், அதை ஒரு காற்புள்ளிகூட விடாமல் கடைப்பிடித்த ஒரே மனிதரை நான் அறிவேன் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எளாவூர்க்காரர். எலும்பு வாங்கி விற்பது தொழில். ஊர் அவரை மண்டை நைனா என்று அழைத்தது.

எங்கள் வட்டாரத்து ஆரணி முதல் எளாவூர் வரை எந்தக் கிராமத்தில் மாடு இறந்தாலும் அதன் எலும்பு நைனாவின் வண்டியில் ஏறும். வண்டி எலும்பு மில்லுக்குப் போகும். அங்கே அரைபட்டு வயலுக்கு உரமாகும். அந்த வண்டியின் வருகையைக் கும்மிடிப்பூண்டி ஒரு மைலுக்கு முன்பே மூக்கால் அறிந்துகொள்ளும். மூட்டைகளில் எப்போதாவது நரி, காட்டுப்பன்றி என்று காட்டு விலங்கின் மண்டையோடு ஒன்று கலந்து வருவதுண்டு. அதை மட்டும் அவர் அரைக்க விடமாட்டார்.

“மாடு நம்மகிட்ட வேல செஞ்சிது, செத்தும் உரமா வேல செய்யிது. நரி யாருகிட்ட சார் சம்பளம் வாங்கிச்சு? அத்த ஏன் மில்லுல தள்ளணும்?” என்பார்.

அவற்றைப் பள்ளிக்கூடங்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிடுவார். அறுபதுகளில் நான் சென்னைக் கல்லூரியில் விலங்கியல் பட்டம் பெற்று, கும்மிடிப்பூண்டியில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியனாகச் சேர்ந்தபோது எங்களுக்கு ஒரு நரி மண்டையோடு கொடுத்தார். கொடுத்தார் என்பதைவிடக் கட்டிக்கொடுத்தார் என்பதே பொருந்தும். முதலில் வீடு பார்க்க வந்தார். கண்ணாடி அலமாரியைத் திறந்து, தட்டில் விரலால் தேய்த்துப் பார்த்து, “கரப்பான் தொல்லை கீதா?” என்று விசாரித்தார். கொடுத்த பிறகு மாதம் ஒரு முறை பார்க்க வருவார். வகுப்பு நடந்தால் ஜன்னலோரம் நின்று, முடிந்ததும் உள்ளே வருவார்.

“இன்னா சார், பொண்ணு எளச்சிப் போச்சே” என்றார் ஒரு நாள்.

மண்டையோடு எப்படி இளைக்கும் என்று மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒழுங்குக்குப் பெயர்பெற்ற என் வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

எழுபதுகளில் சட்டம் வந்தது. காட்டு விலங்கின் கொம்போ மண்டையோடோ வைத்திருப்பவர்கள் அரசுக்கு அறிவிக்க வேண்டும், எழுத்து மூலமான அனுமதியின்றி யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது என்றார்கள். கூடத்துச் சுவரில் மான் கொம்பு மாட்டியிருந்த பெரிய மனிதர்கள் அந்தச் செய்தி காதில் விழாதது போல இருந்துவிட்டார்கள். நைனா மட்டும், பழைய மூட்டை ஒன்றில் கிடைத்துத் தம்மிடம் இருந்த ஒரே சிறுத்தை மண்டையோட்டை வேட்டியில் சுற்றிக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்குப் போனார். படிவம் இன்னும் வரவில்லை என்றார் எழுத்தர். வரும்வரை இருக்கிறேன் என்று இரண்டு நாள் வராந்தாவிலேயே உட்கார்ந்து, பதிவுச் சான்றிதழோடுதான் திரும்பினார்.

புதிய தொழிற்பேட்டையின் மேலாளர் ஒருவர் அந்த மண்டையோட்டை வரவேற்பறையில் வைக்க விலைக்குக் கேட்டார். “டப்பு கெடக்கட்டும் சார், ஆர்டர் கீதா?” என்று கேட்டு நைனா அவரை அனுப்பிவிட்டார்.

பிளஸ் ஒன் வந்தது. உயிரியல் பிரிவு கேட்டு எங்கள் பள்ளியும் விண்ணப்பித்தது. ஆய்வுக்கு அதிகாரி வரப்போகிறார். எங்கள் அலமாரியில் ஒரு நரி, புட்டியில் இரண்டு தவளை, ஒரு நாடாப்புழு. சிறுத்தை மண்டையோடும் இருக்கும் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். பிரிவு கிடைக்காவிட்டால் எங்கள் மாணவர்கள் வேறு ஊருக்குப் போக வேண்டும், என் சொல்லுக்கும் மதிப்பிராது.

அதைப் பள்ளிக்குக் கொடுக்க அனுமதி கேட்டு நைனா வனத்துறையிடம் முறைப்படி விண்ணப்பித்திருந்தார். ஆய்வுக்கு முதல் நாள் உத்தரவோடு வந்து மூட்டையைப் பிரித்தார். சிறுத்தைக்கு மேல் பாதி மட்டுமே இருந்தது.

“கீழ்த்தாடை எங்கே நைனா?”

“ஊட்ல கீது சார்.”

“வீட்ல எதுக்கு வச்சீங்க?”

“ஆர்டர்ல மண்டை ஒண்ணுன்னு போட்டுக்கீதுன்னு ஆபீஸ்ல படிச்சிக் காட்னாங்க. கைல ரெண்டு கீதே.”

“ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு மண்டை. போய் எடுத்துட்டு வாங்க.”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“போன மாசம் பசங்களுக்கு இன்னா சார் சொல்லிக்கினு இருந்தீங்க? கீழ்த்தாடை தனி எலும்பு, மண்டையோட ஒட்டாது, எழுதிக்கோங்கன்னு சொன்னீங்களா இல்லியா? ஜன்னலாண்ட நின்னுக்கினு கேட்டேன். எனக்கு எழுத வராது, மனசுல வச்சிக்கினேன். அது பொய்யா?”

மறுக்க வேண்டுமானால் நான் விலங்கியலையே மறுக்க வேண்டும்.

“பொய் இல்லை. தனி எலும்புதான்” என்றேன்.

“அப்ப அதுக்குத் தனி ஆர்டர். மனு குட்த்துட்டேன், வரும்.”

வேறு வழியில்லை. அலமாரியில், ‘கீழ்த்தாடை: வனத்துறையின் அனுமதி எதிர்நோக்கப்படுகிறது’ என்று ஓர் அட்டை எழுதி வைத்தேன்.

மறுநாள் வந்த அதிகாரி சிரித்துப் பார்த்தவர் எவருமில்லை என்று கேள்வி. அட்டையை இரண்டு முறை படித்தார். “இது என்ன, பாதிச் சிறுத்தை?” என்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் தவளையைப் பார்த்தேன். வெளுத்த சட்டையில் வாசலில் நின்றிருந்த நைனா வாயைத் திறந்தார்.

“பேஜாராவாத சார். மேல் பாதி சட்டப்படி வந்துக்கீது. கீழ் பாதியும் சட்டப்படி வரும்.”

காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டினார். அதிகாரி நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார்.

“எத்தனையோ பள்ளிக்கூடம் பார்த்தாச்சு. மான் கொம்பு இருக்கும், முதலைத் தோல் இருக்கும். ஒண்ணுக்கும் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தாடை தனி எலும்புன்னு இவருக்கு யார் சொன்னது?”

“நான்தான்” என்றேன். என் பணிக்காலத்தில் அவ்வளவு நிமிர்ந்து நின்று வேறெந்தச் சொல்லையும் நான் சொன்னதில்லை.

“ஜன்னல்ல நின்னவருக்கே இவ்வளவு ஏறியிருக்குன்னா, உள்ளே உக்கார்றவங்களுக்குப் பிரிவு குடுக்கலாம்” என்று கையெழுத்திட்டார்.

ஐந்து மாதம் கழித்து, ‘கீழ்த்தாடை – ஒன்று’ என்ற உத்தரவு வந்தது. நைனா கொண்டுவந்து தம் கையாலேயே பொருத்தினார். சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். “இப்பதான் சார் பொண்ணு வாய்விட்டுச் சிரிக்கிது” என்றார். அந்தச் சிரிப்புக்கு எதிரே அமர்ந்து படித்த என் மாணவர்களில் சிலர் இன்று மருத்துவர்கள். அதை எந்தச் சபையிலும் தலைநிமிர்ந்து சொல்வேன்.

இரண்டு உத்தரவுகளின் நகலும் என் பெட்டியில் பத்திரமாக உள்ளன. இரண்டிலும் தந்தை பெயரோடு அவருடைய முழுப் பெயர் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. அதை இங்கே எழுதலாமென்று பேனாவை எடுத்தேன். எழுத்து மூலமான அனுமதி என்னிடம் இல்லை. கேட்டு வாங்கலாமென்றால், அவரும் இல்லை.