வீங்காத கையும் பிரம்மதேசத்துச் சம்பந்தமும்

ஒருவன் முட்டாளாவதில் பாதிப் பங்கு எப்போதும் அடுத்தவனுடையது. பழி மட்டும் முழுசாக நமக்கு வந்து சேர்கிறது. என் விஷயத்தில் அந்தப் பாதிப் பங்குக்காரர் ஒரு சுகாதாரத் துறை ஜீப்பில் வந்தார்.

எழுபதுகளில் ஒரு நாள், மரக்காணத்து உப்பளத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி, காசநோய்ச் சோதனை என்று முன்கைத் தோலில் ஆளுக்கொரு ஊசி போட்டார். "மூணாம் நாள் வந்து வீக்கத்தை அளப்பேன்" என்றார். போய்விட்டார். அவ்வளவுதான் விளக்கம்!

அளக்கிறார்கள் என்றால் பெரிசாக வீங்கியவன்தானே ஜெயித்தவன்? அம்மை குத்திய காலத்திலிருந்து எங்களுக்கு அதுதான் கணக்கு. குத்தின இடம் நன்றாகப் பழுத்தால் மருந்து பிடித்தது, உடம்பில் தெம்பு இருக்கிறது. பழுக்காதவன் சோப்ளாங்கி.

பக்கத்துப் பாத்தி முனுசாமிக்கு மறுநாளே மசால்வடை மாதிரி வீங்கிவிட்டது. என் கை மட்டும் மொழுமொழுவென்று கிடந்தது.

"ஏம்பா, உன் உடம்புல ஒண்ணுமே இல்ல போல!" என்று ஊரைக் கூட்டினான்.

மற்ற சமயமாக இருந்தால் போடா என்றிருப்பேன். ஆனால் அளக்கிற நாளில்தான் பக்கத்து ஊர் பிரம்மதேசத்திலிருந்து கஸ்தூரியின் அப்பா என்னை மாப்பிள்ளை பார்க்க வருகிறார். கஸ்தூரியைக் கோயில் திருவிழாவில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் முகம் சுளித்தால் தீர்ந்தது. ஆகவே கல்லுப்பை உப்புநீரில் தோய்த்து, ஊசி போட்ட இடத்தில் தேய்தேயென்று தேய்த்தேன். (எரிச்சலில் கண்ணீர் வந்தது, காதல் என்று நினைத்துக்கொண்டேன்.)

ஜீப்காரர் என் கையைப் பார்த்ததும் அலறினார்.

"ஐயையோ, இவ்ளோ பெருசா? வீட்ல யாருக்காவது இருமல் இருக்குதா?"

"எல்லாம் உடம்புத் தெம்புங்க" என்றேன், என்னைப் பார்க்க உப்பளத்துக்கே வந்து பக்கத்தில் நின்ற கஸ்தூரியின் அப்பாவுக்கும் கேட்கும்படி.

"தெம்பா? ஊசியில இருந்தது காசநோய்க் கிருமிலேர்ந்து எடுத்த புரதம்ங்க. அந்தக் கிருமி முன்னாடியே உள்ள வந்திருந்தா, உடம்பு அடையாளம் கண்டுக்கினு வீங்கும். எதுக்கும் எக்ஸ்ரே எடுக்கணும்."

(இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நாக்கு தேய்ந்துபோயிருக்குமா?)

கஸ்தூரியின் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். "சீக்காளிக்கு எம் பொண்ண குடுக்க மாட்டேம்பா."

"மாமா, நில்லுங்க!" என்று கத்தினேன். "அது வீங்கல! நான்தான் வீங்க வெச்சேன்! கல்லுப்பு தேச்சேன்!"

உப்பளமே சிரித்தது. முனுசாமி, தன்னையும் எக்ஸ்ரேவுக்கு எழுதியிருப்பதை மறந்து, வரப்பில் உட்கார்ந்து சிரித்தான். ஜீப்காரர் விரலால் அமுக்கிப் பார்த்து, "தோலுதான் செவந்துகீது, உள்ள கெட்டியா ஒண்ணுமில்ல" என்று சொல்லி, மறு கையில் இன்னொரு ஊசி போட்டார். கஸ்தூரியின் அப்பா அந்த ஊசியின் மூன்றாம் நாளும் வந்து, தானே என் கையைத் தடவிப் பார்த்தார். கை மொழுமொழுவென்று இருந்தது.

"சீக்காளிக்குத்தான் குடுக்கக் கூடாது" என்றார் நிதானமாக. "முட்டாளுக்குக் குடுக்கலாம். திருத்திக்கலாம்."

காசநோய்க் கிருமியின் எந்தப் புரதத்தைத் தடுப்பூசியாகப் போட்டால் உடம்புக்குக் காவல் என்று இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். பேப்பரில் படித்துவிட்டு, "தேடட்டும், ஆனா ஊசிய ஏத்துறதுக்கு மின்ன வாயத் தெறந்து சொல்லட்டும்!" என்று நான் கத்தினால், கஸ்தூரி பேரப் பிள்ளைகளிடம் சொல்கிறாள்:

"கத்தட்டும் வுடுங்க. சீக்கு இல்லன்னு பாத்துதான் எங்கப்பா கட்டிக் குடுத்தாரு. திருத்துற வேலைதான் இன்னும் முடியல."