‘நேற்று வண்டி’க்கு இரண்டு நட்சத்திரம் போட்டவருக்கு

விருத்தாசலம்,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை.

‘சொடுக்கு’ கம்ப்யூட்டர் மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு, தெற்கு வீதி கோ. சொர்ணாம்பாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழை விட்டு வெயில் வந்துவிட்டது, அரிசி பருப்புக்குக் குறைவில்லை, மூட்டுவலி மட்டும் வழக்கம்போல் இருக்கிறது. அங்கே தாங்களும், தங்கள் வீட்டாரும், ஆபீசில் உள்ள கம்ப்யூட்டர்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று பழமலைநாதரிடம் நேற்றே வேண்டிக்கொண்டேன். இந்தக் கடிதத்தில் உங்களைக் குறை சொல்லப்போகிறேன், அதனால் முதலில் வேண்டிக்கொள்வதுதான் மரியாதை என்று பட்டது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் என் பேரப்பிள்ளைகள் அப்படி இல்லை என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மகள் நீலாவதியின் பையன் ராஜ்மோகன் ரயில்வே பரீட்சையில் முதல் தடவையே தேறி, சேலம் பக்கம் ஒரு ஸ்டேஷனில் கொடி காட்டுகிறான், அவன் காட்டாமல் அங்கே ஒரு வண்டி நகராது. அவன் தங்கை துர்கா குண்டு எறிவதில் மாவட்டத்திலேயே இரண்டாவது. முதலாவதாக வந்த பெண்ணை நான் நேரில் பார்த்தேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரியே இல்லை. மகன் நந்தகுமாரின் பையன் சேரன் பத்தாவதில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு, தமிழில் கொஞ்சம் குறைவு, திருத்தியவருக்கு அன்றைக்கு என்ன கவலையோ. இவர்கள் எல்லோருக்கும் ஒரு படி மேலே நந்தகுமாரின் பெண் வெண்பா. சென்னையில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறாள். விளையாடுகிறாள் இல்லை, செய்கிறாள். இந்த வித்தியாசத்தை எங்கள் தெருவுக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவள் செய்த முதல் விளையாட்டுதான் ‘நேற்று வண்டி’. சென்ற மாத இதழில் அதற்குத்தான் தாங்கள் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். ஆசிரியர் அவர்களே, இரண்டு நட்சத்திரம் உங்களுக்கு அச்சு மை. எங்கள் வீட்டில் அது என்ன பாடு படுத்துகிறது என்று கேளுங்கள். என் மகன் நந்தகுமாருக்குப் பீங்கான் கம்பெனியில் செக்கிங் வேலை. கரண்டு கம்பத்தில் மாட்டுகிற பீங்கானை ஒரு மரக்குச்சியால் தட்டி, காதால் கேட்டு, நல்லதை ஒரு பக்கமும் கீறல் விட்டதை ஒரு பக்கமும் போடுகிறவன். கணீர் என்றால் லாரிக்கு, சொத்தென்றால் குப்பைக்கு. வீட்டிலும் அதே குணம்தான், தட்டு, டம்ளர், தர்பூசணி, சேரன் தலை என்று ஒன்றையும் தட்டாமல் விடமாட்டான். வெண்பா சென்னைக்குக் கிளம்பும்போதே, நாலு பேர் நல்லா இருக்குது என்று சொன்னால் அந்த வேலையில் இரு, இல்லையென்றால் திரும்பி வந்து பாங்க் பரீட்சை எழுது என்று சொல்லித்தான் அனுப்பினான். அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள். உங்கள் இதழ் வந்ததும் நின்றபடியே படித்துவிட்டு மடித்து வைத்தான். நான் பிள்ளைக்காகப் பரிந்து பேசினேன். அதற்கு அவன், “அந்த ஆளு செக் பண்ணி ரெண்டுன்னு போட்டுருக்காரும்மா. நான் தட்டிப் பாத்து கீறல்னு சொன்னா, அதுக்கப்பறம் யாராச்சும் மறுபடியும் தட்டிப் பாப்பாங்களா?” என்று கேட்டுவிட்டு, மறுநாளே பாங்க் பரீட்சைப் புத்தகம் வாங்கி வந்துவிட்டான். பொங்கலுக்கு வருகிறவள் திரும்பிப் போகக் கூடாதாம். இரண்டாவது விளையாட்டுக்கு அவள் கதையெல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள், போனில் எனக்குச் சொல்லியிருக்கிறாள், அது இனி வெளியே வராது. நான் சொன்னால் ஆயா பாசம் என்பான். தட்டிப் பார்த்த நீங்களே மறுபடி தட்டிப் பார்த்தோம் என்று எழுதினால் ஒருவேளை கேட்பான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதை நீங்கள் இதழில் போட்டால் அந்த விளையாட்டை ஆடாதவர்களும் படிப்பார்கள், ஆகவே கதையைச் சொல்லிவிடுகிறேன். அன்புக்கரசி என்று ஒரு பெண். ரயில்வே ஸ்டேஷனில் எடை பார்க்கிற மெஷின் இருக்குமே, விளக்கெல்லாம் சுற்றுமே, அதில் ஏறிக் காசு போடுகிறாள். வருகிற அட்டையில் எடையோடு ஒரு தேதியும் இருக்கிறது. மெஷினை விட்டு இறங்கினால் அந்தத் தேதியில் இறங்குகிறாள். ஆடுகிறவர்கள் கம்ப்யூட்டர் எலியைப் பிடித்து, கைப்படத்தை அழுத்தினால் பொருளை எடுக்கலாம், கண் படத்தை அழுத்தினால் உற்றுப் பார்க்கலாம், வாய்ப்படத்தை அழுத்தினால் பேசலாம். மூன்றாவது கட்டத்தில் அந்தக் காலத்துப் பெரிய மனிதர் கோதண்டபாணி ஊர் ஏரியை யாருக்கோ எழுதிக் கொடுப்பதற்காக ரயிலுக்குப் புறப்படுகிறார். அவர் வண்டியைப் பிடித்தால் இன்றைக்கு ஊருக்கு ஏரி இல்லை. அவர் வண்டியைத் தவறவிடும்படி செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

இந்த மூன்றாவது கட்டத்தில்தான் உலகமே வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் மாணிக்கவேல், இன்டர்நெட்டில் யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குப் படித்துத் தமிழில் சொன்னான். படம் வரைந்திருப்பது அழகு, ஸ்டேஷனைப் பார்த்தால் வண்டிச் சத்தமே கேட்கிறது என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள், அவள் நன்றாக இருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் கோதண்டபாணியைத்தான் திட்டுகிறார்கள். கோயமுத்தூர்க்காரர் ஒருவர் அவருடைய செருப்பை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார், மனுஷன் வெறுங்காலோடு போய்விட்டார். மலேசியாவிலிருந்து ஒருவர் கொட்டகையில் இருந்த மாட்டை அவிழ்த்துவிட்டாராம், மாடும் அவர் பின்னாலேயே ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கிறது. ஜெர்மனிக்காரர் ஒருவர் பொடி டப்பாவில் மிளகாய்த்தூளைப் போட்டிருக்கிறார், தும்மிவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாராம். கனடாவில் இருக்கும் நம்மவர் ஒருவர், நான் ஒரு மாதமாக அந்தக் காலத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கிறேன், இந்தக் காலத்துக்கு வந்தால்தான் சோறு என்று என் சம்சாரம் சொல்லிவிட்டாள் என்று எழுதியிருக்கிறார். கடைசியில் எவரோ புண்ணியவான் வழி கண்டுபிடித்து எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். கோதண்டபாணி வாசற்படியைத் தாண்டிய பிறகு வாய்ப்படத்தை அவர் மேல் அழுத்த வேண்டும். ‘எங்கே கிளம்பிட்டீங்க?’ என்று அன்புக்கரசி கேட்பாள். அவர் திரும்பி உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரைக் குடிப்பார். வண்டி போய்விடும்.

உங்கள் விமர்சகர் இதைத்தான் ‘துளியும் தர்க்கமில்லாத புதிர்’ என்று எழுதியிருக்கிறார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் ஒரு மனிதர் எதற்காகத் திரும்பி வந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கேட்கிறார். உங்கள் வயசு எனக்குத் தெரியாது, இனிமேல் தம்பி என்றே எழுதுகிறேன், கோபம் வந்துவிட்டது. தம்பி, உங்கள் விமர்சகருக்கு வீடு வாசல் இல்லையா? காரியத்துக்குப் புறப்பட்டு வாசலைத் தாண்டினவரைப் பின்னாலிருந்து எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும். அதனால் உள்ளே வந்து, சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, புதுசாகப் புறப்பட வேண்டும். இது அவருக்கும் தெரியாமல் இருக்காது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் ஒருவர்கூட அந்த இடத்தில் நிற்கவில்லை தெரியுமா? விளையாட்டு கடைக்கு வருவதற்கு முன்னால், போன வருஷத் தீபாவளிக்கு வெண்பா சிடியை இங்கே கொண்டுவந்தாள். எது தப்பாகத் தெரிந்தாலும் சொல்லுங்கள், திருத்திவிட்டுத்தான் வெளியே விடுவேன் என்று மாணிக்கவேல் கடையில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். பீங்கான் கம்பெனி ஆட்கள் ஷிப்டு முடிந்து நேரே அங்கே வந்துவிட்டார்கள். முதல் ஆளாக உட்கார்ந்தவர் என் வீட்டுக்காரர். அவர் பெயர் கோவிந்தராசு, வாயால் சொல்வதில்லை, எழுதினால் பரவாயில்லை என்று நினைக்கிறேன். இவருக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் வெளியே புறப்பட்டாலும் பின்னாலிருந்து எங்கே என்று கேட்காவிட்டால் சாப்பாடு இறங்காது. நந்தகுமார் கம்பெனியில் சேர்ந்த நாள் முதல் தினமும் இரண்டு தடவை வேலைக்குப் புறப்படுகிறான். ராஜ்மோகன் ரயில்வே பரீட்சைக்கு இங்கிருந்து போனபோது புழக்கடை வழியாகத்தான் அனுப்பினேன், அதனால்தான் பாஸானான். இப்படிப்பட்டவர் முன்னால் கோதண்டபாணி குடையை எடுத்துக்கொண்டு படியைத் தாண்டினால் சும்மா இருப்பாரா? மாணிக்கவேல் வேறு எதையோ அழுத்தச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் எலியைப் பிடுங்கி வாய்ப்படத்தை அழுத்திவிட்டார்.

“வூட்டுலதான் ஒருத்தரையும் வுடமாட்டீங்க, பொட்டிக்குள்ள இருக்குறவரையாவது வுடக்கூடாதாங்க?” என்றேன். அதற்குள் கோதண்டபாணி திரும்பி வந்து சொம்பை எடுத்துவிட்டார். ரயில் ஊதிக்கொண்டு போய்விட்டது.

“உங்களாலதான் பெரியப்பா ஏரி பொழைச்சுது” என்று மாணிக்கவேல் எழுந்து நின்று கைகொடுத்தான்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் செய்தார்கள். சும்மா ஆடிவிட்டுப் போனார்கள் என்று நினைக்காதீர்கள், செக்கிங் பலமாக நடந்தது. மாட்டுக்குக் கொம்பு எங்கள் பக்கத்துக் கொம்பு இல்லை என்றார்கள், குடைக்குப் பிடி கோணல் என்றார்கள், இந்த மாதத்தில் கூரை மேல் பூசணிக்காய் எப்படி என்று ஒருவர் சண்டைக்கே போனார். வெண்பா எல்லாவற்றையும் திருத்தினாள். மூன்றாவது கட்டத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது, பேத்தி தன்னைத்தான் விளையாட்டில் வைத்திருக்கிறாள் என்று. அன்று முதல் டீக்கடையில் அவருக்கென்று ஒரு பெஞ்சு. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வருகிற சொந்தக்காரர்களிடமும் ஜெர்மனிக்காரன் திணறின கதையைச் சொல்லித்தான் டீ வாங்கிக் கொடுக்கிறார். எனக்கு முதலில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, குடும்பத்துக் கெட்ட பழக்கம் உலகம் பூராவும் போய்விட்டதே என்று. பிறகு யோசித்தேன், பட்டணத்துக்குப் போயும் தாத்தாவை மறக்காமல் இப்படி ஒரு புதிர் கட்டியிருக்கிறாளே, எத்தனை புத்தி வேண்டும் என்று. அவளிடம் கேட்டால் கூச்சப்படுவாள் என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகையால் தம்பி, உங்கள் விமர்சகரை மறுபடி ஆடச் சொல்லுங்கள். சந்தேகம் தீராவிட்டால் இங்கே வரச் சொல்லுங்கள், கொள்ளு ரசம் வைத்துப் போடுகிறேன், திரும்பிப் போகும்போது என் வீட்டுக்காரர் கேட்பார், அவர் உட்காருகிறாரா இல்லையா என்று பார்த்துவிடலாம். ஐந்து நட்சத்திரம் நான் கேட்கவில்லை, அந்த மாட்டுக் கொம்பு இன்னும் எனக்குச் சரியாகப் படவில்லை. நாலு போட்டால் போதும். பொங்கலுக்கு முந்தின இதழிலேயே போட்டுவிடுங்கள். உங்கள் பத்திரிகை வீட்டுக்கு வீடு போய்ச் சேரட்டும், உங்கள் பிள்ளைகள் நினைத்த படிப்புப் படிக்கட்டும், அச்சு மெஷின் தடையில்லாமல் ஓடட்டும். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
வெண்பாவின் ஆயா,
கோ. சொர்ணாம்பாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் வெண்பா போன் பண்ணினாள். இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். அப்புறம், “ஆயா, அது நான் வச்சது இல்ல. அது தப்பு” என்றாள். வாசலைத் தாண்டினவரிடம் பேச்சுக் கொடுத்தால் அவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கம்ப்யூட்டர் மறந்துவிடுகிறதாம். மறந்து, பழையபடி நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறதாம். நாற்காலியில் உட்கார்ந்தால் தண்ணீர் குடிப்பது அவருக்கு எப்போதும் உள்ள வழக்கமாம். சரியான வழி வேறாம். சுவரில் காலண்டரைத் தூக்கினால் பின்னால் ஒரு சாவி இருக்கிறது, அதனால் கடிகாரத்தைத் திறந்து முள்ளைத் திருப்பி வைக்க வேண்டுமாம். காலத்தில் முன்னும் பின்னும் போகிற விளையாட்டில் கடிகாரத்தைத் தொட வேண்டும் என்று இத்தனை தேசத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. போன வாரம்தான் எங்கோ ஒருவர் காலண்டரைத் தூக்கிவிட்டு, இந்தச் சாவி எதற்கு என்று எழுதிக் கேட்டிருக்கிறார். உங்கள் விமர்சனத்தைப் படித்தபோதே இவளுக்குச் சந்தேகமாம், அதற்குப் பிறகுதான் உறுதியாகத் தெரிந்திருக்கிறது. தாத்தா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது என்று அடக்கி வைத்திருக்கிறாள்.

நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த நந்தகுமார் வந்து போனை வாங்கினான். யார் செக் பண்ணியது என்று மட்டும் கேட்டான். நம் ஊரில்தான், தாத்தாவும் கம்பெனி ஆட்களும் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். இவன் முகம் மாறிப்போனது. “செய்யிறவங்க கையில கீறல் வரத்தான் செய்யும். அதக் கண்டுபிடிக்காம லாரியில ஏத்துனது நாங்க. எங்க ஆளுங்க அத்தன பேரு உக்காந்து பாத்து, ஒருத்தனுக்கும் காதுல வுழலியே” என்றான். பிறகு, “ரெண்டாவதச் செய்யி. கடைக்கு அனுப்பாத, மொதல்ல எனக்கு அனுப்பு. நான் பாக்குறேன்” என்று போனை வைத்துவிட்டான். இப்போது மாணிக்கவேல் கடைக்குப் போய் எலி பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறான். மானிட்டரைத் தட்டிப் பார்த்தானாம், மாணிக்கவேல் வந்து முறையிட்டான்.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் வேண்டாம் தம்பி. இரண்டு நட்சத்திரம் இரண்டாகவே இருக்கட்டும், உங்கள் விமர்சகருக்கு நல்ல காது. இப்போது போய் நாலாக்கினால் என் மகன் உங்களைச் சந்தேகப்படுவான். என் வீட்டுக்காரரிடம் மட்டும் நாங்கள் யாரும் சொல்லவில்லை, அவர் உங்கள் இதழை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர், அதனால் இதை அச்சில் போட்டுவிடாதீர்கள். ஆனால் ஒன்று, விமர்சனத்தோடு நீங்கள் போட்ட வெண்பாவின் படம் காலேஜ் அடையாள அட்டையில் இருந்தது, காய்ச்சலில் எடுத்தது. இரண்டாவது விளையாட்டு வரும்போது உங்கள் போட்டோகிராபரை விட்டு, முகத்தில் வெளிச்சம் விழ, சிரித்த மாதிரி ஒரு புதுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதில் ஒன்று பெரிய சைஸில், மடியாமல் அட்டை வைத்து, மேலே உள்ள விலாசத்துக்குத் தபாலில் அனுப்பி வைக்கவும்.